இலை வாராதவள்

“மறுபடியும் மாத்திரையா? போன வாரம்தானே வாங்கினே!”

மருந்துக்கடை வரிசையே திரும்பிப் பார்த்தது. சிசெல் திரும்பவில்லை. அந்த வெண்கலக் குரலுக்கு நார்வேயின் ட்ராம்மன் ஊரிலேயே ஒரே சொந்தக்காரிதான்: சிசெலின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி ரக்னா. கையில் பிளாஸ்டர் டப்பா ஒன்றை வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள்.

“அது வேற, ரக்னா. அது வயித்தைப் புண்ணாக்குது. நிறுத்திட்டு இதுக்கு மாறப்போறேன்.”

கடைப் பெண் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நேரத்துக்குப் போடுங்க. வலி உச்சிக்கு ஏறின அப்புறம் மொத்தமா அள்ளிப் போட்டா கேக்காது. அட்டையில இருக்கிற அளவைத் தாண்டவே கூடாது. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு இதெல்லாம் பாதி கைகொடுத்தாலே பெரிசு. கேக்கலைன்னா நீங்களா ஏத்தாதீங்க, டாக்டரைப் பாருங்க.”

“ஃபைப்ரோ... என்னமோ!” ரக்னா சிரித்தாள். “எங்க காலத்துல அதுக்குச் சோம்பல்னு பேரு.”

வரிசையில் இரண்டு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்க ஆளா கிடைக்காது?

“பார்த்தா ஒண்ணும் தெரியலையே உனக்கு! கன்னம் ரெண்டும் ஆப்பிளாட்டம் இருக்கு. சனிக்கிழமை டுக்னாட், ஞாபகம் இருக்குல்ல?”

மறக்க முடியுமா? குடியிருப்பே கூடி, கூலியில்லாமல் முற்றத்தைச் சுத்தம் செய்கிற நாள். நார்வேயில் கொலை செய்தவனுக்காவது வக்கீல் கிடைப்பான். டுக்னாட்டுக்கு மட்டம் போட்டவனுக்கு ஒருத்தனும் பரிந்து பேச மாட்டான்.

“வருவேன். ஆனா வாருகோல் பிடிக்க முடியாது. எல்லாருக்கும் வாஃபிள் சுட்டுத் தர்றேன்.”

“வாஃபிள் தின்ன நான் நீன்னு வருவாங்க. இலையை யாரு வாருவா, ராஜாவா வந்து வாருவாரு?”

சிசெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் ஒடிந்து மாவுக்கட்டு போட்டிருந்தால் இதே ரக்னா பூங்கொத்தோடு வந்து நிற்பாள். உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது என்றால் மட்டும் எல்லோருக்கும் கட்டு வேண்டும், வீக்கம் வேண்டும், ரத்தம் வேண்டும்!

போன அக்டோபரில் இந்த வாய்க்குப் பயந்துதான் அவள் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தாள். நாள் முழுதுக்குமான மாத்திரையைக் காலையிலேயே விழுங்கிவிட்டு, எல்லோரையும்போல இலை வாரினாள். “பார்த்தியா, முடியுதுல்ல!” என்று ரக்னா முதுகில் வேறு தட்டினாள். அடுத்த சில நாட்கள் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. வயிற்றெரிச்சல் தனி.

இந்த முறை அது நடக்காது. மாத்திரை அதன் நேரத்துக்கு. வேலை உடம்பு விட்ட மட்டும். யார் என்ன சொன்னாலும் சரி.

சனிக்கிழமை வாசலில் மேஜை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வாஃபிள் சுட்டாள். குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடந்து மக்கிய இலையை எல்லோரும் வாரிக்கொண்டிருந்தார்கள். ரக்னா நடுவில் நின்றாள். கழுத்தில் விசில். கை இரண்டும் கோட்டுப் பைக்குள்.

“அங்க பாருங்க, நம்ம இளவரசி! உட்கார்ந்த இடத்துலயே டுக்னாட்!”

சிரிப்பு எழுந்தது. சிசெலின் காது சிவந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

“காதுல போட்டுக்காதே சிசெல்,” என்று வாஃபிளுக்குக் கை நீட்டினார் பக்கத்து வீட்டு ஹால்ஸ்டைன். “அவ வருஷா வருஷம் தொண்டையாலதான் இலை வாருறா.”

அப்போதுதான் சிசெலுக்கும் உறைத்தது. உண்மைதானே! இந்த மகாராணி என்றைக்காவது வாருகோலைத் தொட்டிருக்கிறாளா? விசிலை ஊதக்கூடப் பல்லால்தான் கவ்விக்கொள்கிறாள். பையை விட்டுக் கை வெளியே வந்தால் கிரீடம் இறங்கிவிடுமோ? இருக்கட்டும். ஒருநாள் அகப்படாமலா போவாய்?

கூட்டம் கலைந்தது. ரக்னா கடைசியாக மேஜைக்கு வந்தாள். சிசெல் வாஃபிளை நீட்டினாள்.

“மேஜையிலயே வை.”

“ஏன், கையில வாங்கினா குறைஞ்சு போயிடுவீங்களா?”

ரக்னா இருபக்கமும் பார்த்தாள். வெண்கலக் குரல் எங்கோ போய், காற்றாக வந்தது.

“அந்த மருந்துக்கடைப் பொண்ணு... எந்த மாத்திரைன்னு சொன்னா? எத்தனை மணிக்குப் போடணும்?”

“யாருக்கு?”

ரக்னா வலது கையை மெதுவாகப் பையிலிருந்து எடுத்தாள். விரல்கள் சிவக்கவில்லை, வீங்கவில்லை. வாஃபிளை எடுக்கப் போனவை பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

“தோள்லேர்ந்து கால் வரைக்கும் வலி. ராத்திரி புரண்டு படுக்க முடியல. கிடைச்சதையெல்லாம் சேர்த்து முழுங்கிட்டிருக்கேன், எதுவும் கேக்கல. அன்னிக்குக் கடைக்கு இதைக் கேக்கத்தான் வந்தேன். வரிசையில உன்னைப் பார்த்ததும் பிளாஸ்டரைத் தூக்கிட்டேன்.”

சிசெலின் நாக்கு நுனியில் அந்த வார்த்தை தயாராக இருந்தது. எத்தனை நாள் தீட்டி வைத்த கத்தி! விட்டுவிட அவளென்ன சாமியாரா?

“உங்களைப் பார்த்தா ஒண்ணும் தெரியலையே, ரக்னா!”

“தெரியாது,” என்றாள் ரக்னா. “தெரிஞ்சிடக் கூடாதுன்னுதானே, இத்தனை வருஷமா எல்லாருக்கும் முன்னால நின்னு கத்திக்கிட்டிருக்கேன்.”