எதிர்க்கரை ரசிகர்

ஒர்செட்டா ஓபோ என்ற ஊதுகுழலின் சீவாளியை உதட்டில் நனைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் தலையை அசைத்தாள். “பாருடீ பியெரா, வந்துட்டாரு.”

கால்வாயின் எதிர்க்கரையில், மூடிய கண்ணாடிக்குப் பின்னால், மிளகு வியாபாரி சின்யோர் வெத்தோர் நின்றிருந்தார். கண்கள் மூடியிருந்தன. இரண்டு விரல்கள் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தன. அவள் ஓபோவைக் கையில் எடுத்தாலே அப்படி வந்து நிற்பார்.

“அழறாரு போலிருக்கு,” என்றேன்.

“மெதுவான பகுதிக்கே அழுகையா? வேகமானதை ஊதினா கால்வாயில குதிச்சிடுவாரு.”

அன்று அந்த அறையில் சிரித்த மூவரில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

மூன்றாமவர் மாஸ்டர் கஸ்பாரோ. இளமையில் படை வாத்தியக் குழுவில் ஓபோ ஊதியவர். முன்பற்கள் போன பிறகு, ஊத முடியாததை எழுதத் தொடங்கியவர். வெனிஸில் எங்கள் அநாதை இல்லத்துப் பெண்கள் கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வாசிப்பதைக் கேட்க எப்போதும் கூட்டம் வரும். அவர் எழுதிய சொனாட்டா என்ற இசைக்கோவைகளை ஒர்செட்டா ஊத ஆரம்பித்த பிறகு லண்டனிலிருந்தும் டிரெஸ்டனிலிருந்தும் வந்தார்கள். ஐந்து முடிந்திருந்தன. ஆறு சேர்ந்தால்தான் அச்சுக்காரர் புத்தகமாகப் போடுவார்.

“மாஸ்டர், இந்த ஆறாவதுல மூச்சுவிட ஒரு இடம்கூட இல்லையே?” என்றாள் ஒர்செட்டா.

“உனக்கு எதுக்கும்மா மூச்சு?” என்று பொக்கை வாயால் சிரித்தார்.

“நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க. சாகறது நான்.”

அன்று பிற்பகல் இல்லத்துத் தலைவியம்மா அவளைக் கூப்பிட்டார். சின்யோர் வெத்தோர் பெண் கேட்டு வந்திருந்தார்.

மாஸ்டரின் முகம் வெளுத்தது. எங்கள் இல்லத்திலிருந்து மணமாகிப் போகிறவள் அதன்பிறகு எந்தச் சபையிலும் வாசிக்கக் கூடாது. மணமகனும் அதற்குச் சத்தியம் செய்து தர வேண்டும்.

“அவ போயிட்டா ஆறாவதை யார் ஊதுவாங்க?” என்று என்னிடம் முணுமுணுத்தார். “அடுத்த ஓட்டெடுப்புல நிர்வாகிங்க என்னையும் அனுப்பிடுவாங்க, பியெரா.”

வரவேற்பறையில் வெத்தோர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. “சீதனம் எதுவும் வேண்டாம்,” என்றார். “அந்த வாத்தியம் மட்டும் அவங்களோட வந்துடணும்.”

மாஸ்டருக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

“இங்கே வேற ஓபோ இருக்கா?” என்று கேட்டார் வெத்தோர்.

“இன்னொண்ணு இருந்துச்சு. போன குளிர்ல வெடிச்சுப் போச்சு, சின்யோர்,” என்றார் தலைவியம்மா.

“அப்படியா,” என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அவர் போனதும் தலைவியம்மா ஒர்செட்டாவின் கன்னத்தைத் தட்டினார். “வருஷா வருஷம் நிர்வாகிங்ககிட்ட வந்து உன் ஓபோவைப் பத்தித்தான் பேசுவாராம். இப்படி ஒரு ரசிகர் யாருக்குடீ கிடைப்பாரு? வீட்டுக்குள்ள ஊதறதை நம்ம விதி தடுக்காது.”

“எதிர்க்கரைதானே!” மாஸ்டர் துள்ளினார். “அவ ஜன்னலோரம் ஊதினா இங்கே கேட்கும். அச்சுக்காரரைக் கூட்டிட்டு வந்து இந்த அறையிலயே உட்கார வெச்சுடறேன்.”

கல்யாணத்தன்று காலை நான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன்.

“பயமா இருக்குடீ,” என்றாள். “அவரு என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கல. கண்ணெல்லாம் ஓபோ மேலதான்.”

“அப்ப வேண்டாம்னு சொல்லிடு.”

“சொல்லிட்டு? கிழவியாகிற வரைக்கும் இந்தக் கம்பிக்குப் பின்னாலயா? எனக்குன்னு ஒரு ஜன்னல் வேணும் பியெரா. அதை விரியத் திறந்து வெச்சுக்கிட்டு ஊதணும்.”

வெளியே படித்துறை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். வெத்தோர் ஓபோப் பெட்டியைத் தானே வாங்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு முதலில் படகில் ஏறினார். மணப்பெண்ணுக்குக் கை கொடுத்தது படகோட்டிதான்.

மறுநாள் எதிர்க்கரை வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஆகஸ்ட் புழுக்கத்திலும் அவை திறந்து நான் பார்த்ததில்லை. திரைச்சீலைகள் வெளியே வந்து ஆடின. மாஸ்டரும் நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் படியில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

“சீவாளி இன்னும் ஊறலையோ என்னவோ,” என்றார் மாஸ்டர்.

அதற்கு அடுத்த நாளும் ஒன்றும் கேட்கவில்லை. “புது வீடு, கூச்சமா இருக்கும்,” என்றார். ஆனாலும் ராத்திரியெல்லாம் விழித்து ஆறாவதை எழுதி முடித்திருந்தார். அவர் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. மூச்சுவிட இடம் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கல்யாண வழக்கப்படி சர்க்கரை பாதாம் கொடுக்க வெத்தோர் வந்தார். தனியாக வந்தார். கண்ணின் சிவப்பு போயிருந்தது. பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார்.

மாஸ்டர் எழுதி முடித்த தாள்களோடு ஓடினார். “சின்யோர், ஆறாவது முடிஞ்சிடுச்சு! இதை உடனே அவகிட்ட கொடுத்துடுங்க. எப்ப ஊத ஆரம்பிப்பா?”

வெத்தோர் ஒரு பாதாமை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“ஊதறதா? அந்தச் சத்தம் நிக்கணும்னுதானே ஐயா நான் கல்யாணமே பண்ணிக்கிட்டேன்!”