கரண்டிச் சத்தம்

“இருக்கறதுலயே நல்லா அதிர்ற பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் எதுங்க?”

கடைக்காரர் சிரித்தார். “போன தடவை வாங்கினதை உங்க வீட்டம்மா கரண்டியும் கையுமா வந்து திருப்பிக் கொடுத்தாங்களே சார். ஹெட்போன் போதும்னு சொன்னாங்களே.”

“இதுக்கும் வரட்டுமே” என்றார், ஞாயிறுதோறும் நண்பர்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் அந்தத் தபால்காரர்.

வீட்டில் புது ஆம்ப்ளிஃபயரைக் கட்டிலருகே வைத்து, சத்தத்தை முழுக்கத் திருகி, கிட்டாரின் தடித்த கம்பியைச் சுண்டிக்கொண்டே இருந்தார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

விபத்துக்குப் பிறகு நினைவு திரும்பாமலே கிடக்கும் மனைவியின் விரல்களுக்குள் அதே கரண்டியைச் செருகியிருந்தார்.

“ஒரு வார்த்தை திட்டேன்டி.”

கரண்டி இரும்புக் கட்டிலில் டக் டக்கென்று தட்டியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாசிப்பதை நிறுத்திக் கம்பிகளை அமுக்கினார்.

கரண்டியும் நின்றது.