பாவாயியின் கை

தாயில்லாத செம்மறிக்குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் பாவாயி. அது மிரண்டு கத்தினால் நெற்றியைத் தடவி, "நானிருக்கறன் சாமி" என்பாள். உடனே உடம்பைச் சிலுப்பிவிட்டு அமைதியாகிவிடும்.

வளர்ந்து கிடாவான பிறகும் வேறு யார் பின்னாலும் வராது. அதனால் வீட்டாரின் நேர்த்திக்கடனுக்குக் கோயில்வரை அவளேதான் அதை நடத்திக் கூட்டிவந்தாள், குனிந்த தலை நிமிராமல்.

எத்தனை சொம்பு மஞ்சத்தண்ணி ஊற்றியும் கிடா சிலுப்பவில்லை. கூட்டத்தைக் கண்டு விறைத்து நின்றது.

"சிலுப்புனாத்தானுங்க ஆத்தா சம்மதம். இதை ஊட்டுக்கே ஓட்டிட்டுப் போயிருங்க," என்றார் பூசாரி.

பாவாயிக்குப் போன உயிர் திரும்பியது. ஓடிப்போய் அதன் நெற்றியைத் தடவினாள். "நானிருக்கறன் சாமி, வா போலாம்."

கிடா நிம்மதியாக உடம்பைச் சிலுப்பியது.

"உங்க கை பட்டதும் ஆத்தா உத்தரவு குடுத்துட்டா பாருங்க!" பூசாரி அரிவாளை எடுத்தார்.

பாவாயி அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.