ரேடியேட்டர் மூடி

பிணவறைக்கு எதிரே, வேப்பமர நிழலில், கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் பிச்சையா. ரேடியேட்டர் மூடியின்மேல் மடித்த துண்டு, துண்டின்மேல் அவருடைய கை. மறு கையில் இன்னும் திறக்காத கூலன்ட் பாட்டில். காலை ஒன்பது மணிக்கு வந்ததிலிருந்து அப்படியேதான் நிற்கிறார். மதியம் உள்ளேயிருந்து மனைவியின் தம்பி சேர்மத்துரை வந்தான்.

“அத்தான், அக்காவத் தர்றாங்களாம். நீங்க மொகத்தப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணுமாம்.”

“சூட்டோட தொறந்தா மூஞ்சியில அடிச்சிரும் மாப்ள. எஞ்சின் ஆறட்டும். ஊத்திட்டு வாரேன்.”

சேர்மத்துரை எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அவனும் நின்றான்.

“ஆமா அத்தான். இன்னும் சுடுது.”