மந்திரித்த படகு

"இன்னும் வெட்டவில்லையா?"

தொலைபேசியில் கேட்டவர் சிஞ்ஞோரா கத்தரீனா, இராஜநாயகத்தின் முதலாளியம்மா. வீட்டு வேலைக்காரன் என்னத்தைச் சொல்வான்?

பகேரியாவில் சிஞ்ஞோராவின் கடற்கரை வீட்டு முற்றத்தில் பழைய ஃபைபர் படகொன்று கவிழ்ந்து கிடந்தது. மரப் படகென்றால் எரித்துவிடலாம். இதை எரித்தால் தெருவெல்லாம் நச்சுப் புகை. துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால்தான் லொறிக்காரன் ஏற்றுவான்.

வெட்டலாம்தான். ஆனால் படகுக்கு அடியில் விமலராஜ் அல்லவா குடியிருந்தான்! மன்னாரிலிருந்து புதிதாக வந்தவன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லை, வேலை இல்லை, தலைக்கு மேலே அந்தப் படகைத் தவிர வேறு கூரையும் இல்லை. இராஜநாயகத்தின் ஒற்றை அறையிலோ பிள்ளைகளுக்கே கால் நீட்ட இடமில்லை.

அதனால் இராஜநாயகம் வாய்க்கு வந்த பொய்யை அவிழ்த்துவிட்டான். இது தேவாலயத்துச் சுவாமி மந்திரித்த படகு, அவர் வந்து செபம் சொல்லாமல் எங்கள் ஊரில் அறுக்கும் வாள் வைக்கமாட்டோம் என்றான். பக்தியுள்ள சிஞ்ஞோரா, சரி, சுவாமி வரட்டும் என்றார்.

பிறகு சுவாமி ரோமுக்குப் போனார். பிறகு சுவாமிக்குக் காய்ச்சல் வந்தது. பாவம், அந்த மனிதருக்கே தெரியாமல் அவரைப் பாடாய்ப் படுத்தினான்.

மனைவிக்குத்தான் நித்திரை இல்லை.

"இஞ்சாருங்கோ, அவ வேலையாலை நிப்பாட்டினா எங்கடை பெர்மெஸ்ஸோவும் போயிடும். அவனை வேறை எங்கையும் போகச் சொல்லுங்கோ."

"இந்தக் குளிருக்கை அவன் எங்கை போறது?"



ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சிஞ்ஞோராவே பகேரியாவில் வந்து இறங்கினார். கூடவே பங்குச் சுவாமி, நல்ல ஆரோக்கியமாக.

இராஜநாயகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. சுவாமி செபப் புத்தகத்தை விரிக்கப் போனார். இனிச் சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லை.

"சிஞ்ஞோரா, வள்ளத்துக்குக் கீழை ஒரு ஆள் இருக்கிறார்," என்றான். வேலை போய்விட்டது என்றே நினைத்தான்.

சிஞ்ஞோரா கைப்பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்து நீட்டினார்.

"பின் அறைத் திறப்பு. முதலில் அவனை அங்கே கொண்டுபோய் விடு, படகை வெட்டும்போது பறக்கும் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அவன் இங்கே இருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரி எனக்கு அன்றைக்கே சொல்லிவிட்டாள். நீயாக வந்து அவனுக்கு இடம் கேட்பாய் என்றுதானே இத்தனை நாளும் வெட்டு, வெட்டு என்று கத்தினேன்?"