சிக்னல் குறைந்தால்

"போன், மெசேஜ், மீட்டிங் எல்லாம் இந்த ஒரே ஆப்புல அடங்கிடும். ஊர் ஊரா சுத்துற டீமுக்குன்னே செஞ்சது மேடம்" என்றார் விற்பனையாளர்.

"சிக்னல் குறைஞ்சா?" என்று கேட்டார் மேலாளர்.

"வீடியோவை நிறுத்திட்டு குரலைக் காப்பாத்திடும்."

"குரல் போனா போகட்டும். வீடியோ நிக்கக் கூடாது."

இந்த அம்மாவுக்கு விவரம் பத்தாது என்று நினைத்துக்கொண்டார் அவர். "மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா ஆச்சா மேடம்? வேலை நடக்கணும்னா பேச்சுதானே முக்கியம்?"

"அதான் நானும் சொல்றேன்."

அப்போது லிஃப்ட் பொருத்தும் ஆட்கள் நாலு பேரும் வெளியூரிலிருந்து பையும் கையுமாக உள்ளே நுழைந்தார்கள். மேலாளர் அவர்களிடம் சைகை மொழியிலேயே விஷயத்தைச் சொன்னார். மூத்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு, விற்பனையாளரை நேராகப் பார்த்துக் கைகளை வேகமாக அசைத்தார்.

"என்ன மேடம் சொல்றார்?"

"சிக்னல் குறைஞ்சா முதல்ல எங்க வாயைத்தான் மூடுவீங்களான்னு கேக்கறார்."