சிவப்பு மை

இரண்டு வருடம் மனுப் போட்டு அலைந்த பிறகுதான் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பழைய ஆள்பதிவேடு, ஆவணக் காப்பகத்தில், லோகேஸ்வரியின் கைக்கு வந்தது. தாத்தாவைப் பெற்ற காத்தாயியைப் பற்றி அதில் ஒற்றை ஒற்றை வரிகள்தாம் இருந்தன. 'ஓடிவிட்டாள்' என்று கறுப்பு மையில் ஒரு வரி. அதன் கீழே சிவப்பு மையில் 'பிடிபட்டாள், ஆற்றங்கரை'. மறு வருடம் மறுபடி ஓடி, ரயிலடியில் பிடிபட்டிருந்தாள். மூன்றாம் தடவை நிறைமாதம். அப்படியும் ரயிலடியைத் தாண்டி இரண்டு ஊர் போயிருந்தாள். நான்காம் தடவை துறைமுகத்தில், கப்பல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இடுப்பில் குழந்தையோடு. அந்தக் குழந்தைதான் தாத்தா.

"யம்மாடி, என்ன பொம்பளை நீ!" என்று லோகேஸ்வரி வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரி, 'குழந்தையோடு ஓடிவிட்டாள்'. கீழே சிவப்பு இல்லை.

காப்பக ஊழியர் அடுத்த பதிவேட்டைத் தூசி தட்டி அவள் முன்னால் வைத்தார்.

"புடிச்சாங்களா இல்லையான்னு இதுல இருக்கும்மா."

லோகேஸ்வரி அதன் அட்டைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வேணாங்கய்யா. இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்."